5,209 பேர்: ஃபிராமிங்ஹாம் ஆய்வுக்கு வந்தவர்களும் வராதவர்களும்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் அட்டவணை ஆட்கணக்காகத்தான் இருக்கும். மொத்தம் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, சராசரி வயது, படிப்பு, வருமானம், புகைப்பவர்கள் எத்தனை பேர். படிக்கிறவர்கள் அதைத் தாண்டி நேரே முடிவுக்குப் போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு முகூர்த்த நேரத்தைத் தேடுகிற மாதிரி. ஆனால் யார் வீட்டுக் கல்யாணம் என்பது அந்தப் பெயர்களில்தானே இருக்கிறது?

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஓர் ஆய்வின் ஆட்கணக்கை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனிலிருந்து மேற்கே சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் ஃபிராமிங்ஹாம் வரும். 1948இல் அங்கே தொடங்கிய இதய ஆய்வு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையைத் தொட்டிருக்கிறது. "பி.பி. இருக்கு, கொலஸ்ட்ரால் கூட, சிகரெட்டையும் விட மாட்டேங்கிறீங்க, ஹார்ட்டுக்கு ரிஸ்க்" என்று மதுரையில் ஒரு டாக்டர் இன்றைக்குச் சொன்னாலும் அந்தப் பேச்சு பெருமளவுக்கு அந்த ஊரிலிருந்து கிளம்பியதுதான். ரிஸ்க் ஃபேக்டர் என்ற சொல் மருத்துவர்கள் வாயில் புழங்க ஆரம்பித்ததே 1961இல் அந்த ஆய்விலிருந்து வந்த ஒரு கட்டுரைக்கு அப்புறம்தான்.

அப்படியானால் அது யாருடைய உடம்பிலிருந்து எடுத்த கணக்கு?

நகராத ஊர்

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அப்போது அவருடைய ரத்த அழுத்தம் 300/190. திடீரென்று ஏறியதல்ல, பல வருஷமாக ஏறிக்கொண்டே வந்தது. வயதானால் ரத்த அழுத்தம் கூடத்தான் செய்யும், அது இயல்புதான் என்று அன்றைய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். நாட்டில் இதய நோய்ச் சாவுகள் கூடிக்கொண்டே போயின. ஏன் என்று கேட்டால் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. 1948 ஜூன் 16 அன்று, ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நோய் இல்லாத ஆட்களைப் பிடித்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, இருபது வருஷம் பின்தொடர்ந்து, யாருக்கு இதய நோய் வருகிறது, வந்தவர்களிடம் முன்பே என்ன இருந்தது என்று பார்ப்பது திட்டம்.

இந்த இருபது வருஷம்தான் ஊரையே தேர்ந்தெடுத்தது. இன்றைக்குத் தட்டும் கதவை 1968இல் போய்த் தட்டினாலும் அதே ஆள் வந்து திறக்க வேண்டும். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள், வாடகை வீடு மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், பருவத்துக்கு ஓர் இடம் போகும் கூலிக்காரர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் ஓட்டைப் பானை. சுமார் 28,000 பேர் வாழ்ந்த ஃபிராமிங்ஹாமில் ஊருக்குள்ளேயே வேலை இருந்தது. காகிதப் பொருள்கள் செய்யும் டென்னிசன் ஆலை இருந்தது, ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலையும் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்திலேயே பாஸ்டன், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி. அதோடு இந்த ஊருக்கு ஆய்வு என்பது புதிதல்ல. 1916இல் தொடங்கிப் பல வருஷம் நடந்த காசநோய்த் திட்டம் ஒன்றில் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ஒத்துழைத்திருந்தார்கள். டாக்டர் கூப்பிட்டால் சட்டைக் கையை மடித்துவிடப் பழகிய ஊர்.

இன்னொரு வசதியும் இருந்தது. மாசசூசெட்ஸ் ஊர்களில் ஆண்டுதோறும் குடியிருப்பவர்களின் பட்டியலை எடுப்பார்கள். நம் ஊர் வாக்காளர் பட்டியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். யார் எந்தத் தெருவில், எந்த வீட்டில், என்ன வயதில் இருக்கிறார் என்று அதில் பார்த்துவிடலாம். மாதிரி எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான். நான் அங்கே இருந்திருந்தாலும் இதே ஊரைத்தான் கைகாட்டியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு காரணமும் ஒரு சல்லடை. நிலையாக வாழ்கிறவர், வேலை உள்ளவர், பட்டியலில் பெயர் உள்ளவர், டாக்டரை நம்புகிறவர். நாலு சல்லடையிலும் சலித்த பிறகு கையில் மிஞ்சுவது 1940களின் நியூ இங்கிலாந்து நடுத்தர வர்க்கம்.

மூன்று குடும்பத்தில் இரண்டு

ஆட்களைச் சேர்த்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் எனக்குப் பிடித்த இடம் இது.

முதலில் இந்த வேலையைப் பார்த்தவர் பொதுச் சுகாதாரத் துறையின் டாக்டர் கில்சின் மெடோர்ஸ். விருப்பம் உள்ளவர்கள் தாமாக வரட்டும், அவர்களை வைத்து நடத்தலாம் என்பது அவர் எண்ணம். 1949இல் திட்டம் புதிதாகத் தொடங்கிய தேசிய இதய நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே ஃபெலிக்ஸ் மூர் என்ற புள்ளியியலாளர் இருந்தார். தாமாக வருகிறவர்களை வைத்து ஊரைப் பற்றி எதையும் சொல்ல முடியாது, பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்ற மாற்றம் அவரோடு வந்தது.

30 முதல் 59 வயதுவரை ஊரில் சுமார் 10,000 பேர். பட்டியலை வட்டம் வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்குள் குடும்ப அளவுவாரியாக அடுக்கி, அப்புறம் முகவரி வரிசையில் வைத்து, மூன்று குடும்பத்துக்கு இரண்டு என்று எடுத்தார்கள். எடுத்த குடும்பத்தில் அந்த வயதுக்குள் இருந்த எல்லோருக்கும் அழைப்பு. ஆக அழைத்தது ஆட்களை என்பதைவிட வீடுகளை என்றே சொல்லலாம். 6,507 பேர் தேறினார்கள்.

கடிதம் போட்டால் மட்டும் யார் வருவார்கள்? ஊர்ப் பிரமுகர்களும் சாதாரண ஆட்களும் சேர்ந்த குழுக்கள் அமைந்தன. ஏற்கெனவே பரிசோதனைக்குப் போய் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினார்கள். டாக்டர் வந்து கூப்பிடுவதும், தினமும் வேலியோரம் நின்று பேசுகிற ஆள் "நானும் போய்ட்டு வந்தேன், ஒண்ணும் பண்ணல" என்று சொல்வதும் ஒன்றாகுமா? அப்படியும் வந்தவர்கள் 4,469 பேர்தான். நூற்றுக்கு 69.

எண்ணிக்கை போதவில்லை. அதனால் தாமாக முன்வந்த 740 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். 4,469ஐயும் 740ஐயும் கூட்டினால் 5,209. மருத்துவப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் ஒரே எண்ணாக வரும் 5,209க்குள் இப்படி ஒரு தையல் இருக்கிறது. ஏழில் ஒருவர் பட்டியலில் விழுந்தவர் அல்ல, விரும்பி வந்தவர். மூர் வெளியே தள்ளிய முறை பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை. இதை அவர்கள் மறைக்கவில்லை. ஆரம்பக் கட்டுரைகளில் இரு பிரிவையும் தனித்தனியாகவே காட்டினார்கள். பிற்பாடு மேற்கோள் காட்டியவர்கள்தான் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வீடுவீடாக எடுத்ததில் யாரும் எதிர்பாராத ஒரு லாபம். 5,209 பேரில் 1,644 ஜோடிகள் கணவன் மனைவி. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்றும் நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். 1971இல் இரண்டாம் தலைமுறையைச் சேர்க்கும்போது இவர்களுடைய பிள்ளைகளையும் பிள்ளைகளின் கணவன் மனைவியரையும் கூப்பிட முடிந்தது. 5,124 பேர் வந்தார்கள். 2002இல் தொடங்கிய மூன்றாம் தலைமுறையில் 4,095 பேர். ஒரே குடும்பத்தின் ரத்தத்தைத் தாத்தாவிலிருந்து பேரன்வரை பார்க்கிற வாய்ப்பு, மூன்று குடும்பத்துக்கு இரண்டு என்ற அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆள் தொலைந்துபோகக் கூடாதே என்று ஒவ்வொரு பரிசோதனையின்போதும் உறவினர் பெயர், நெருங்கிய நண்பர் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். வீடு மாறினால் தேட உதவும், அவ்வளவுதான் நோக்கம். நண்பர் என்று எழுதித் தந்த பெயரும் பலமுறை இதே ஆய்வில் இருந்தது, ஏனென்றால் ஊர் அவ்வளவு சின்னது. அந்தத் தாள்களை வைத்து 12,067 பேரின் நட்பு வலையைக் கட்டி, உடல்பருமன் நண்பர்கள் வழியாகப் பரவுகிறது என்று 2007இல் கிறிஸ்டாக்கிஸ், ஃபவுலர் இருவரும் கட்டுரை எழுதினார்கள். அந்த முடிவைப் பற்றிச் சண்டை உண்டு. தாள்கள் கிடைத்த கதைதான் எனக்குச் சுவாரசியம்.

கதவைத் திறக்காத 2,038 பேர்

6,507இல் 4,469 போக மீதி 2,038. அழைத்தும் வராதவர்கள்.

ஊர்ப் பட்டியல் இருந்ததால் வராதவர்களைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொள்ள முடிந்தது. பெயர் தெரியும், வயது தெரியும், இறந்தால் பதிவேட்டில் வரும். 1959இல் வெளியான ஒரு கட்டுரையில் ஆய்வுக்குழுவே இதைப் பரிசீலித்தது. வராதவர்களிடையே முதல் சில ஆண்டுகளில் சாவு அதிகம். யோசித்தால் ஆச்சரியமில்லை. நடக்க முடியாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர், ஏற்கெனவே ஒரு டாக்டரிடம் அலுத்துப்போனவர், என்ன சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர், இவர்கள் வந்து மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். ஆய்வுக்கு வரும் உடம்பு ஊரின் சராசரி உடம்பைவிடக் கொஞ்சம் திடமாகத்தான் இருக்கும்.

களத்துக்குப் போய்க் கதவு தட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காலை 11 மணிக்கு ஒரு தெருவில் இறங்கினால் வீட்டில் இருப்பது பெண்களும் ஓய்வு பெற்றவர்களும் கைக்குழந்தைகளும்தான். கட்டட வேலைக்குப் போனவரும் ஆட்டோ ஓட்டுபவரும் கம்பெனி பஸ் ஏறியவரும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்காக ராத்திரி 8 மணிக்கு மறுபடி போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அதிகாலையே போக வேண்டும். போகாவிட்டால் பக்கத்து வீட்டை வைத்து எண்ணிக்கையை நிரப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அட்டவணைக்குத் தெரியும். பெண்கள் மூன்றில் இரண்டு பங்கு என்று ஓர் அட்டவணையைப் பார்த்தால், அந்தக் குழு எத்தனை மணிக்குத் தெருவில் இறங்கியது என்றே எனக்குத் தோன்றும்.

நூற்றுக்கு 69 பேர் வந்தது குறைவா என்றால், இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட்டால் பொறாமைப்பட வேண்டிய எண். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற ஆய்வு 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்காரர்கள் சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பியது. வந்தவர்கள் 5 லட்சம். நூற்றுக்கு ஐந்தரை. நாட்டின் மற்றவர்களோடு ஒப்பிட்டால் வந்தவர்கள் வசதியான பகுதிகளில் வாழ்பவர்கள், குறைவாகப் புகைப்பவர்கள், குறைவாகப் பருத்தவர்கள். 5 லட்சம் என்றதும் நமக்கு வாய் பிளக்கிறது. பட்டியலில் விழுந்த 4,469 பேரா, ஆசைப்பட்டு வந்த 5 லட்சமா என்றால், இந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று சொல்வதற்கு நான் முன்னதைத்தான் நம்புவேன். எதனால் எது வருகிறது என்று தேடுவதற்கு இரண்டாவதும் உதவும். இந்த வேறுபாட்டுக்கு மறுபடி வர வேண்டியிருக்கும்.

அட்டவணையில் இருந்ததும் இல்லாததும்

2,336 ஆண்கள், 2,873 பெண்கள். பெண்கள் 55 சதவீதம். 1948இல் இது சாதாரண விஷயமில்லை. மாரடைப்பு என்றால் ஆபீஸ் போகும் ஆண்களின் நோய் என்ற காலம். அதற்குப் பல வருஷம் கழித்து 1970களிலும் 80களிலும் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வுகளே ஆண்களை மட்டும் எடுத்தன. ஒன்றில் 12,866 பேர், ஆஸ்பிரினைச் சோதித்த இன்னொன்றில் 22,071 டாக்டர்கள். இரண்டிலும் ஒரு பெண்கூட இல்லை.

ஃபிராமிங்ஹாமில் பெண்கள் இருந்ததால்தான், இதய நோய் பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் பத்து வருஷம் தள்ளி வருகிறது, ஆனால் வராமல் இருப்பதில்லை என்பது தெளிவானது. சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு அந்தப் பத்து வருஷச் சலுகை பெரும்பாலும் போய்விடுகிறது என்பதும் 1970களின் கடைசியில் இந்த ஊர்க் கணக்கிலிருந்தே வந்தது. சர்க்கரை இல்லாத வீடே இல்லை என்கிற நம் ஊரில் அம்மாவின் நெஞ்செரிச்சலை "கேஸ்தான்" என்று விட்டுவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வயதிலும் யோசனை இருந்தது. முப்பதுக்குக் கீழே எடுத்தால் இருபது வருஷம் காத்திருந்தாலும் மாரடைப்பு எண்ணிக்கை தேறாது. அறுபதுக்கு மேலே எடுத்தால் பலருக்கு நோய் ஏற்கெனவே இருக்கும்.

அப்புறம் இனம். ஊர்க்காரர்களின் பாட்டன் பூட்டன்கள் இங்கிலாந்து, அயர்லாந்து, இத்தாலி, பிரெஞ்சுக் கனடா பக்கமிருந்து வந்தவர்கள். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். எல்லோரும் ஒரே நிறம் என்றால் நிறத்துக்கென்று அட்டவணையில் தனி வரிசையே தேவைப்படாது. வரிசை இல்லாததால் அது ஒரு கேள்வியாகவும் தோன்றாது. இந்த ஆய்வின் ஆட்கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இல்லாத வரிசைதான்.

மதிப்பெண் ஊர் தாண்டியபோது

இருந்த தகவலையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வயது, ஆணா பெண்ணா, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால், அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்பு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். 1998இல் வந்த பதிப்பு உலகம் முழுக்கப் பரவியது. டாக்டர் மேசையில் ஒரு அட்டையாக, கம்ப்யூட்டரில் ஒரு கட்டமாக.

2001இல் ஃபிராமிங்ஹாம் புள்ளியியலாளர்களே இதை வேறு ஆறு மக்கள் கூட்டங்களில் வைத்துச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர்களிடமும் கறுப்பர்களிடமும் சரியாகவே வந்தது. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள், ஸ்பானிய வம்சாவளி ஆண்கள், செவ்விந்தியப் பெண்கள் ஆகியோருக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது. 2003இல் பிரிட்டிஷ் ஆண்களிடம் பார்த்தபோது, பத்து வருஷத்தில் 16 சதவீதம் பேருக்கு இதய நோய் வரும் என்று மதிப்பெண் சொன்னது. உண்மையில் வந்தது 10.2 சதவீதம். அவர்களும் வெள்ளையர்கள்தான், ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அப்படியும் கணக்கு பாதிக்கு மேல் தப்பியது.

தெற்காசியர்களுக்கு எதிர்த்திசையில் தப்பியது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை வம்சாவளியினருக்கு இதய நோய் சீக்கிரமும் அதிகமும் வருவதை பிரிட்டிஷ் டாக்டர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிப்பெண்ணோ குறைவாகக் காட்டியது. 2008இல் அங்கே வந்த வழிகாட்டு நெறிமுறை இதற்கு ஒரு கைவைத்தியம் சொன்னது. தெற்காசிய ஆண் என்றால் வருகிற விடையை 1.4ஆல் பெருக்கு.

இதை ஒரு ஆளை வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது, கொலஸ்ட்ரால், பி.பி. எல்லாம் போட்டால் 15 சதவீதம் என்று வருகிறது. அன்றைக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்குவதற்கான கோடு 20. ஆக மாத்திரை வேண்டாம், நடங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்று அனுப்பிவிடலாம். 1.4ஆல் பெருக்கினால் 21. மாத்திரைச் சீட்டு கைக்கு வருகிறது. அதே ஆள், அதே ரத்தம், அதே காலை நேரம். நடுவில் மாறியது, 1948இல் வேறொரு கண்டத்தில் இவரைப் போன்ற ஒருவரும் பட்டியலில் இல்லாததற்கான திருத்தம் மட்டும்.

அதே 2008இல் பிரிட்டனில் கியூரிஸ்க்2 என்ற புதிய கணக்கு வந்தது. அங்குள்ள டாக்டர்களின் பதிவேடுகளிலிருந்தே செய்தது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. குடியிருக்கும் பகுதி எவ்வளவு வறுமையானது என்பதும் கணக்கில் சேரும். ஈஸ்ட் ஹாம் கடைக்காரர் இலங்கையர் என்பதால் "மற்ற ஆசியர்" கட்டத்துக்குள் போவார். இந்தக் கணக்கிலும் அவருக்கென்று ஒரு வரிசை இல்லைதான், ஆனால் இம்முறை குறைந்தபட்சம் அறைக்குள்ளாவது இருக்கிறார்.

அப்படியென்றால் ஃபிராமிங்ஹாம் சொன்னதெல்லாம் பொய்யா? இல்லை. 2004இல் இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்த 15,152 பேரை எடுத்து, வராத 14,820 பேரோடு ஒப்பிட்டது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம், உடற்பயிற்சி, மது என்று ஒன்பது விஷயங்கள் பத்தில் ஒன்பது பங்கு மாரடைப்பு அபாயத்தை விளக்கின. எந்தக் கண்டத்திலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆனால் முதல் மாரடைப்பு வந்த வயது தெற்காசியாவில் 53, மற்ற இடங்களில் 58க்கு மேல்.

முன்னால் விட்டு வந்த வேறுபாடு இங்கேதான் வருகிறது. புகைக்கிறவருக்குப் புகைக்காதவரைவிட ஆபத்து அதிகம் என்ற உறவு ஊர் தாண்டும், கடல் தாண்டும். சின்ன வெள்ளைக்கார ஊரில் கண்டுபிடித்தாலும் திருநெல்வேலியில் நிற்கும். ஆனால் உங்களுக்குப் பத்து வருஷத்தில் இத்தனை சதவீதம் என்ற எண் அடிமட்டத்தை, அதாவது அந்த ஊரில் மொத்தத்தில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதைப் பொறுத்தது, அந்த அடிமட்டம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு. உறவைக் கண்டுபிடிக்கக் கட்டிய ஆய்விலிருந்து அடிமட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது ஃபிராமிங்ஹாம்காரர்களின் தப்பல்ல. எடுத்துப் போனவர்களில் நாமும் உண்டு.

506 பேரும் ஒரு பெயர்ப் பட்டியலும்

ஊரும் அப்படியே நிற்கவில்லை. பிரேசிலிலிருந்து நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். இன்றைக்குக் கடைத்தெருவில் போர்த்துகீசிய மொழிப் பலகைகள் சகஜம். ஊர் மாறிவிட்டது, ஆய்வு மாறவில்லை என்ற நிலையில், 1994இல் ஓம்னி என்ற பெயரில் 506 பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். கறுப்பர்கள், ஸ்பானிய வம்சாவளியினர், ஆசியர்கள், இந்தியர்கள், பசிபிக் தீவினர், அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோரும் அந்த 506க்குள். 2003இல் இன்னும் 410 பேர். நோக்கம் நல்லது. ஆனால் 506ஐ ஆறு வகையாகப் பிரித்தால் ஒன்றுக்குச் சராசரி 84 பேர். அதில் பாதி ஆண், பாதி பெண். பத்து வருஷத்தில் எத்தனை மாரடைப்பு எண்ண முடியும்? விடுபட்டவர்களைக் கூப்பிட்டு ஒரே பெஞ்சில் உட்கார வைத்த மாதிரிதான்.

அதைவிட உருப்படியான வழி தனி ஆய்வுகள். 2000இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. அதே ஆண்டு தொடங்கிய மேசா, ஆறு இடங்களில் 6,814 பேரை எடுத்தது. அதில் வெள்ளையர் 38 சதவீதம், கறுப்பர் 28, ஸ்பானிய வம்சாவளியினர் 22, சீனர் 12. பங்கு முன்கூட்டியே திட்டமிட்டது. அதில் இந்தியர்கள் இல்லை.

அந்தக் குறையை நிரப்ப 2010இல் வந்தது மசாலா என்ற ஆய்வு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 40 முதல் 84 வயதுக்குட்பட்ட 906 தெற்காசியர்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆட்களைத் தேடியது குடும்பப் பெயர்களை வைத்து. தெற்காசியக் குடும்பப் பெயர்கள் உள்ள முகவரிப் பட்டியலை வாங்கி அதிலிருந்து அழைத்தார்கள்.

இங்கே ஒரு தமிழ் வாசகருக்குச் சட்டென்று பொறி தட்ட வேண்டும். படேல், சிங், குப்தா, ரெட்டி என்றால் பட்டியல் போடலாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான் அமெரிக்கா போனதும் கடைசிப் பெயர். சுப்பிரமணியன் என்றால் மாட்டுவார். அப்பா பெயர் டேவிட் என்றோ ஜோசப் என்றோ இருக்கும் தூத்துக்குடிக்காரர், பட்டியல் போடுகிறவர் கண்ணுக்கு இந்தியராகவே தெரிய மாட்டார். எந்தச் சல்லடையும் ஏதோ ஒரு பெயரைக் கீழே விடும் என்பதற்கு இதைவிட நம் ஊர் உதாரணம் கிடைக்காது.

வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள், அநேகமாக எல்லோருமே இங்கிருந்து போய்க் குடியேறியவர்கள். படித்து, விசா கிடைத்து, வேலை கிடைத்துப் போனவர்கள். அவர்கள் உடம்பை வைத்து விழுப்புரத்தில் கரும்பு வெட்டுகிறவரின் இதயத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்? உறவுகளைப் பேசலாம், அடிமட்டத்தைப் பேச முடியாது. அதே கதைதான்.

சென்னையில் இரண்டு குடியிருப்புகள்

ஒரே ஊருக்குள் ஒரே இனத்துக்குள்ளும் இது நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1990களின் நடுவில் தி.நகரிலும் திருமங்கலத்திலுமாக இரண்டு குடியிருப்புகளை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒன்று நடுத்தர வருமானக்காரர்களுடையது, இன்னொன்று குறைந்த வருமானக்காரர்களுடையது. தகுதியுள்ள 1,399 பேரில் 1,262 பேர் வந்தார்கள். நூற்றுக்கு 90. ஃபிராமிங்ஹாமுக்கே கிட்டாத எண் இது.

முதல் சுற்றில் சர்க்கரை நோய் நடுத்தரக் குடியிருப்பில் 12.4 சதவீதம், மற்றதில் 6.5. பணக்கார நோய் என்று எல்லோரும் தலையாட்டுகிற மாதிரி கணக்கு. நடுத்தரக் குடியிருப்பில் விழிப்புணர்வு வேலைகள் நடந்ததில், மக்களே காசு போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். காலையும் மாலையும் நடக்க ஆரம்பித்தார்கள்.

பத்து வருஷம் கழித்து அதே இரண்டு இடங்களில் மறுபடி பார்த்தார்கள். நடுத்தரக் குடியிருப்பில் 15.4. குறைந்த வருமானக் குடியிருப்பில் 15.3. முதல் சுற்றில் தெளிவாகப் பிரித்துக் காட்டிய வருமானம் என்ற வரிசை, இரண்டாம் சுற்றில் எதையும் பிரிக்கவில்லை. செலவு மிச்சம், பேசுவது சுலபம், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று நடுத்தரக் குடியிருப்பை மட்டும் எடுத்திருந்தால், பத்து வருஷத்தில் 12.4இலிருந்து 15.4, அதாவது கால் பங்கு ஏற்றம் என்று எழுதி முடித்திருப்பார்கள். இன்னொரு குடியிருப்பில் அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.